சத்தம் போட்டுக்கொண்டே போங்கள்: நீலகிரி அடிவார ஆற்றில் தனியாகக் கயாக் விடுபவருக்கு

பிற்பகல் மூன்று மணி இருக்கும். சிறுமுகைக்குக் கீழே பவானி ஆறு அகன்று, பவானிசாகர் அணைத் தண்ணீரோடு கலக்கப்போகும் இடம். ஒற்றை ஆள் துடுப்புப் படகான கயாக்கில் போய்க்கொண்டிருந்தேன். துடுப்பு இறங்குவதும் ஏறுவதும் எனக்கே கேட்காத அளவுக்கு ஒரு லயம் பிடிபட்டிருந்தது. அந்த மௌனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. ஒரு நாணல் திட்டைச் சுற்றித் திரும்பினேன். முப்பது அடியில் ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்குக் கீழே குட்டி. தும்பிக்கையில் உறிஞ்சிய தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

பிறகு காதை விரித்து இரண்டு எட்டு முன்னே வைத்தது. நான் பதறிப் பின்னோக்கித் துழாவிய வேகத்தில் படகு குறுக்கே திரும்பி, தண்ணீருக்குள் பட்டுப்போய் நின்ற மரத்தில் சிக்கிக்கொண்டது. யானை நினைத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அது குட்டியைத் தள்ளிக்கொண்டு கரையேறிப் போய்விட்டது. என் திறமைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

சில வாரம் கழித்து, அனுமதி வாங்கி, உறவினர் வீட்டு விசேஷத்துக்காகக் காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹாடா கிராமத்துக்குப் போனேன். மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் அந்த ஊருக்குள் போக முடியும். பரிசல் போட்ட பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "கூப்பிட்டுட்டுப் போகோணும் தம்பி. அது ஊடு. கதவத் தட்டாம பூந்தா ஆராச்சும் சும்மா இருப்பாங்களா?"

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலை நடக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டும் குச்சியால் செடியைத் தட்டிக்கொண்டும்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் போவார்கள். படகில் ஏறியதும் அதை மறந்துவிட்டேன். காரணம், கயாக் பழகியது யூடியூப் பார்த்து. குளிர்நாட்டு ஏரிகளில், சத்தமில்லாமல் போனால்தான் விலங்கு தெரியும் என்று சொல்லும் வீடியோக்கள். யானை இருக்கும் ஆற்றுக்கு அந்தப் பாடம் ஆகாது.

இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த ஆறு, எந்தப் பகுதி

நீலகிரியின் காலைக் கழுவும் ஆறுகள் இரண்டு. வடக்கே மாயாறு, தெற்கே பவானி. இரண்டும் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேருகின்றன.

மாயாறு பார்க்கக் கண்கொள்ளாத ஆறு. பைக்காராப் பக்கம் மேலிருந்து வந்து, ஆழமான பள்ளத்தாக்கில் விழுந்து, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடி, சத்தியமங்கலம் காடு வழியாகக் கீழே வருகிறது. அதில் கயாக் விடும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். முதுமலை 2007-இலும் சத்தியமங்கலம் 2013-இலும் புலிகள் காப்பகம் ஆயின. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். படகைத் தலையில் தூக்கிக்கொண்டு ராத்திரி இறங்கிவிடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டவர்கள் உண்டு. பிடிபட்டால் வழக்கு. பிடிபடாமல் உள்ளே கால் உடைந்தால் அதைவிட மோசம், கைபேசியில் சிக்னல் கிடையாது, தேடி வரவும் ஆளில்லை.

பவானி வேறு மாதிரி. அட்டப்பாடி வழியாகக் கேரளத்தைச் சுற்றித் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வந்து, பில்லூர் அணையைத் தாண்டி, மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாக பவானிசாகருக்குப் போகிறது. பில்லூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் காடு, அதையும் விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே ஒரு கரையில் வாழைத்தோட்டம், மறு கரையில் சில இடங்களில் காடு, நடுநடுவே ஊர். தனியாகப் போகிறவருக்கு இந்த ஊர்கள்தான் உயிர். இந்தப் பகுதியை இரண்டு நாளில் முடிக்கலாம். நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

அதற்கும் முன்னால், கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வந்து தனியாகத் திரும்ப ஏறத் தெரியாதவர் எந்த ஆற்றுக்கும் போக வேண்டாம். அதை முதலை இல்லாத தண்ணீரில், பயிற்சியாளரோடு பழகிவிட்டு வாருங்கள். ஆற்றில் அதைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது.

இரண்டாம் படி: மாதமும் மணியும்

என் கணக்கில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி முடிய. அப்போது காட்டுக்குள் குட்டை, ஓடை எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கும். விலங்குகள் ஆற்றை மட்டும் நம்பி இருக்காது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தலைகீழ். காடு காய்ந்து, எல்லா உயிரும் ஆற்றுக்கே வரும். விலங்கு பார்க்க அதுதான் நல்ல காலம் என்று யாராவது சொன்னால், சொன்னவர் ஜீப்பில் இருந்து பார்த்தவர். முதலை முட்டையிடுவதும் காட்டுத்தீ பிடிப்பதும் அதே மாதங்களில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் பவானி செந்நிறமாக ஓடும்; பேச்சே வேண்டாம். அக்டோபரில் கோத்தகிரி, குன்னூர்ச் சரிவில் கொட்டும் மழை கல்லாறு வழியாகச் சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் வெயில் அடிக்கிறதே என்று நம்பி இறங்கக்கூடாது, அண்ணாந்து மலையைப் பாருங்கள்.

மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும். பில்லூரில் மின் உற்பத்திக்குத் திறந்தாலோ, அணை நிரம்பி உபரி நீர் விட்டாலோ பவானி திடுமென உயரும். மேட்டுப்பாளையத்தில் குளிக்க இறங்கி இப்படிச் செத்தவர்கள் நிறையப் பேர். கரையில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொண்டு, நிறுத்தும்போதெல்லாம் பாருங்கள். கல்லின் ஈரக்கோடு மேலே ஏறினால், தெளிந்த தண்ணீரில் சருகும் நுரையும் கூட்டமாக வந்தால், உடனே கரை.

நாள் கணக்கு: காலை ஏழரைக்கு முன் தண்ணீரில் இறங்க வேண்டாம், மூன்று மணிக்குள் கரையேறிவிடுங்கள். நான் அந்த யானையைப் பார்த்தது மூன்று மணிக்கு என்று முதலிலேயே சொன்னேன். அன்று ஒன்றரைக்கே நின்றிருக்க வேண்டும்; சாப்பிட்ட இடத்தில் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் படி: யாரிடம் கேட்பது, யாரிடம் சொல்வது

வனச்சரக அலுவலகம், நீர்வளத்துறை, அணைப் பகுதிக்குள் போவதானால் அங்குள்ள பொறியாளர் அலுவலகம். மூன்றிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். காவல் நிலையத்தில் ஒரு கடிதம். முடியாது என்று சொன்னால் முடியாதுதான். எனக்கு முதல் தடவை மறுத்தார்கள், இரண்டாம் வருடம்தான் கிடைத்தது, அதுவும் நீர்த்தேக்கத்தின் விளிம்பு வரைதான். கடிதங்களை விடப் பயன்பட்டது வேட்டைத் தடுப்புக் காவலரோடு குடித்த ஒரு டீ. எந்த மடுவில் முதலை, எந்தத் தோட்டத்துக்கு நேற்று யானை வந்தது, மதம் பிடித்த கொம்பன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. பாகுபலி என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்த யானையைப் போல, அந்தந்த வட்டாரத்தில் தெரிந்த யானைகள் உண்டு. அதன் சுபாவமும் தெரிந்திருக்கும்.

மீன்பிடிப்பவர்களையும் விடாதீர்கள். அணைத் தண்ணீரில் அவர்கள் வலை கட்டியிருப்பார்கள். காலி பாட்டில் மிதந்தால் அதற்குக் கீழே வலை என்று அர்த்தம்.

நான்காம் படி: படகில் என்ன இருக்க வேண்டும்

லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், இரண்டாவது துடுப்பு, நனையாத பையில் கைபேசியும் பவர் பேங்கும், முதலுதவிப் பெட்டி. இவை எல்லோரும் சொல்வதுதான். விலங்குக்காக நான் சேர்த்தவை நான்கு. தோளில் கட்டிய விசில். முகத்தையும் கழுத்தையும் மூடும் வெள்ளைத் துணி, தேனீக்காக. தோல் உறையில் சிறிய கத்தி, வலை அறுக்க. மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கு, சாப்பாட்டு வாசனை வெளியே வராமலிருக்க. வாழைப்பழம், பலாப்பழம், கரும்பு, வெல்லம், கருவாடு வேண்டாம். முதல் நான்கும் யானையையும் கரடியையும் கூப்பிடும், கருவாடு குரங்கைத் தவிர எல்லாவற்றையும் கூப்பிடும். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அடிவாரத்திலும் அதையே கடைப்பிடியுங்கள்.

பட்டாசு கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். கூடாது. பயந்த யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆற்றுக்குள்ளேயும் ஓடும்.

ஐந்தாம் படி: கதவைத் தட்டுவது

யானைக்குக் கண் கூர்மை குறைவு. மூக்கும் காதும்தான் எல்லாம். ஆற்றில் போகிறவன் இந்த இரண்டையும் ஏமாற்றிவிடுகிறான், அதுவும் தெரியாமலே. எப்படி என்று பாருங்கள்.

பகலில் வெயில் ஏற ஏற, சமவெளிக் காற்று சூடாகிப் பள்ளத்தாக்கு வழியாக மலையைப் பார்த்து மேலே வீசும். நீங்களோ மலையிலிருந்து கீழே போகிறீர்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறது என்றால் உங்கள் வாசனை முதுகுக்குப் பின்னால் போகிறது. முன்னே நிற்கும் யானைக்கு அது எட்டவே எட்டாது. மாலையில் மலை குளிர்ந்ததும் காற்று கீழ்நோக்கித் திரும்பும், விடியற்காலையிலும் அப்படித்தான். அப்போது வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடும். ஆக, நாம் துடுப்பு போடும் நடுப்பகலில்தான் நாம் வருவது விலங்குக்குத் தெரிவதில்லை. காலடிச் சத்தமும் இல்லை, சருகு நொறுங்குவதும் இல்லை. தண்ணீர் சலசலக்கும் இடமானால் நம் மூச்சுச் சத்தமும் அதில் கரைந்துவிடும். மிச்சம் இருப்பது நம் குரல்தான்.

அதனால் என் வழக்கம் இது. முன்னே நூறு மீட்டர் தெரிகிற நேரான பகுதியில் பேசாமல் போகலாம், வேடிக்கை பார்க்கலாம். வளைவு, நாணல் திட்டு, பாறை மறைவு, கரையிலிருந்து தாழ்ந்து தொங்கும் மூங்கில் வருவதற்கு முன்பே துடுப்பை நிறுத்தி, துடுப்புக் காம்பால் படகின் விளிம்பில் டொக் டொக்கென்று நாலு தட்டு. பிறகு சாதாரணக் குரலில் பேச்சு. கத்தல் வேண்டாம். என்ன பேசுவது என்று வெட்கமாக இருக்கும். நான் பேருந்து நடத்துநர் மாதிரி ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டு போவேன்: கட்டபெட்டு, அரவேணு, குஞ்சப்பனை, மேட்டுப்பாளையம் இறங்கு. விசில் ஆபத்துக்கு மட்டும். அதை வளைவுக்கு வளைவு ஊதினால், நிஜமாக உதவி தேவைப்படும்போது கரையில் இருப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தட்டிவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். உள்ளே மூங்கில் முறிகிற சத்தம், காது விசிறுகிற சத்தம், அடித்தொண்டையில் ஒரு உறுமல் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். எதுவும் கேட்காவிட்டால் உள்வளைவை விட்டு, வெளிவளைவு ஓரமாக அகலமாகத் திரும்புங்கள். முன்னே உள்ளது சீக்கிரம் கண்ணில் படும்.

இப்படிப் போனால் விலங்கு தெரியாதே என்பீர்கள். தெரியும். குரல் கேட்டு எழுந்து நின்று பார்க்கும் புள்ளிமான், கரையேறி நின்று திரும்பிப் பார்க்கும் யானை, எல்லாம் நான் பார்த்ததுதான். நூறு மீட்டரில் பார்ப்பதா முப்பது அடியில் பார்ப்பதா என்பதுதான் வித்தியாசம்.

ஆறாம் படி: யானை எதிரே நின்றால்

ஆற்றின் அகலம் நாற்பது மீட்டர், யானை நடுவில் நிற்கிறது என்றால் ஓரமாகத் தாண்டிப் போக முயல வேண்டாம். காத்திருப்பதுதான் வழி. படகின் மூக்கை மேல்நீருக்குத் திருப்பி, சாய்வாகத் துழாவி, யானை இல்லாத கரைப்பக்கம் பாறை மறைவில் தண்ணீர் ஓடாமல் நிற்கும் இடத்தில் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வேரையோ கல்லையோ பிடித்துக்கொள்ளலாம். படகைக் கட்டிப்போட வேண்டாம், அவிழ்க்க நேரம் கிடைக்காது. நூறு மீட்டருக்குக் குறையாத இடைவெளி. ஒரு கூட்டம் தண்ணீரில் இறங்கினால் குடித்து, குளித்து, மண் பூசி முடிக்க ஒரு மணி நேரமும் ஆகலாம். கடைசி யானை கரையேறிய பிறகும் கால் மணி நேரம் இருங்கள். பின்தங்கிய ஒன்று எப்போதும் உண்டு.

காதை விரித்து, தலையை உயர்த்தி, தூசி கிளப்பி நாலு எட்டு ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னால் ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி, சத்தமில்லாமல் வருவது நிஜம். இந்தப் பாகுபாட்டை நம்பி நிற்காதீர்கள். மிரட்ட வந்தது மனதை மாற்றிக்கொள்ளலாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் ஈரமாக வழிந்தால் மதம். அந்த யானை இருக்கும் ஆற்றில் அன்றைக்குப் பயணம் கிடையாது, படகைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போங்கள்.

மீறி வந்துவிட்டால் ஆழம்தான் உதவி. யானை நன்றாக நீந்தும், தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. ஆனால் ஓட்டத்தோடு போகும் கயாக்கை நீந்துகிற யானை எட்டாது. முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிற யானை எட்டிவிடும். எனவே நடு ஓட்டம், கீழ்நோக்கி, திரும்பிப் பார்க்காமல். கைபேசியை எடுத்து நீட்டுகிற நொடியில் துடுப்பு கையில் இருக்காது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: முதலை

மாயாற்றிலும் பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் சதுப்புநில முதலை உண்டு. அணைத் தண்ணீர் பின்னேறும் பவானிப் பகுதியிலும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மீன் தின்று வாழ்வது. மனிதர்களுக்கு ஆபத்து வருவது துவைக்கும், குளிக்கும், பாத்திரம் கழுவும் ஓரத் தண்ணீரில். கயாக்கில் நடு ஓட்டத்தில் போகிறவர் அதன் கணக்கில் பெரிய மிதவை, அவ்வளவுதான். சிக்கல் வருவது இரண்டு சமயத்தில்.

ஒன்று, குளிர்கால முற்பகலில் அது பாறையிலும் மணலிலும் வெயில் காயும்போது. பயந்தால் தண்ணீருக்குத்தான் பாயும். அதற்கும் ஆழத்துக்கும் நடுவில் நீங்கள் இருந்தால் உங்கள் மேல்தான் பாயும். மணல் திட்டில் கட்டை கிடந்தால் அந்தப் பக்கம் ஒதுங்காமல் எதிர்க்கரை ஓரமாகப் போங்கள். கட்டையாகவே இருந்தால் நஷ்டமில்லை.

மற்றது கரையேறும்போது. மண்கரையில் சறுக்கிய தடமும் நடுவில் வால் கிழித்த கோடும் தெரிந்தால் அங்கே இறங்கக்கூடாது. கரையில் வளை தோண்டி உள்ளே படுத்திருக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. கலங்கிய, ஆழம் தெரியாத இடத்தில் காலைத் தொங்கவிட்டு இறங்குவதை விட, படகை வேகமாக விட்டு மூக்கைக் கரையில் ஏற்றிவிட்டு இறங்குங்கள். கை, கால் அலம்புவது, மீன் கழுவுவது எதுவும் ஆற்றோரத்தில் வேண்டாம். தூக்கில் தண்ணீர் மொண்டு மேலே போய்ச் செய்யுங்கள். ஒரே இடத்தில் இரண்டு நாள் தொடர்ந்து மொள்ளவும் வேண்டாம்.

எட்டாம் படி: தேனீ

இதை யாரும் பயப்படும் பட்டியலில் சேர்ப்பதில்லை. யானையை விட எனக்குப் பயம் இதுதான். குறும்பர் பழங்குடியினர் பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கும் அதே மலைத்தேனீ, பாலத்தின் அடியிலும் ஆற்றோர உயர மரங்களிலும் கூடு வைக்கும். ஒரே மரத்தில் பல கூடு இருக்கும். கழுகோ பருந்தோ ஒன்றைக் கலைத்தால், கீழே போகிறவன் பலி.

பாலத்துக்கு முன்பே நிமிர்ந்து பாருங்கள். கறுப்பு அரைவட்டம் தொங்கினால், அதன் நேர்க்கீழே போகாமல் அடுத்த கண் வழியாக, சத்தமில்லாமல் போங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் கதவைத் தட்ட வேண்டாம். சென்ட், வாசனை எண்ணெய், புகை, கறுப்புச் சட்டை எல்லாம் அதற்கு ஆகாது.

கலைந்துவிட்டால் துணியால் முகத்தையும் கழுத்தையும் மூடி, நிற்காமல் துடுப்பு போட்டு விலகுங்கள். அடித்து விரட்ட வேண்டாம், நசுங்கிய தேனீயின் வாசனை மற்றதையும் கூப்பிடும். தண்ணீருக்குள் முங்குவது சினிமா வித்தை. மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், மூச்சுக்குத் தலை தூக்கும்போது முகத்தில் கொட்டும். தப்பித்த பிறகு கொடுக்குகளைச் சீக்கிரம் வழித்தெடுங்கள். பத்து இருபதுக்கு மேல் கொட்டியிருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, உதடு வீங்கினாலோ 108.

ஒன்பதாம் படி: கால் தரையில் பட்ட பிறகு

படகில் இருக்கும்வரை பாதி ஆபத்துக்கு வெளியே இருக்கிறோம். ஒன்றுக்கு இறங்குவது, டீ போடுவது, இவைதான் பொல்லாத நேரம்.

கரடிக்குக் கண் மந்தம், தின்னும்போது காதும் அவ்வளவாகக் கேட்காது. கோத்தகிரியில் கோயிலுக்குள் புகுந்து விளக்கிலிருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற அதே கரடி, புதரில் திடீரென்று எதிர்ப்பட்டால் முகத்தைத்தான் குறிவைக்கும். புற்று, நாவல், அத்தி இருக்கும் இடத்தில் கைதட்டிவிட்டு இறங்குங்கள். காட்டெருமை கூட்டமாக இருந்தால் விலகிப் போய்விடும். ஒற்றைக் கடா மூக்கால் சீறி, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி நின்றால், அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து படகில் ஏறுங்கள். சிறுத்தை, புலி விஷயத்தில் ஒன்றே ஒன்று: முதுகைக் காட்டி ஓடாதீர்கள், அந்தி நேரத்தில் புதரோரம் குந்தாதீர்கள்.

தண்ணீரில் நீந்திவரும் பாம்பு பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு. படகில் ஏறப் பார்த்தால் துடுப்பால் தள்ளிவிட்டால் போதும். கரையில் கல்லைப் புரட்டும்போதுதான் கவனம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் செய்து, மருத்துவமனை. தனியாகப் போகிறவருக்கு இது சுலபமில்லை, அதனால்தான் ஊரை விட்டு அரை மணி நேரத் தொலைவுக்கு மேல் எங்கேயும் இறங்காதீர்கள் என்கிறேன்.

விலங்கே இல்லாத ஆபத்து இரண்டு. வாழைத்தோட்டக் கரையில் சோலார் வேலி ஓடும். சிலர் நேரடி மின்சாரமே கொடுத்திருப்பார்கள். ஈர உடம்போடு கம்பியைத் தொடக்கூடாது. மற்றது அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்காகப் பழத்திலோ மாவுருண்டையிலோ வெடிமருந்து வைத்துப் போடுவது. சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது. கடித்த யானைகள் வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்தே செத்திருக்கின்றன. கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழத்தை எடுக்கவோ உதைக்கவோ வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள்.

பத்தாம் படி: இரவு

மணல்திட்டில் கூடாரம் போட்டு நட்சத்திரம் பார்க்கும் படம் அழகாக இருக்கும். அந்த மணல்திட்டு யானை இறங்கும் வழி, முதலை ஏறும் இடம், அணை திறந்தால் முதலில் முழுகும் நிலம். ஊரில் தங்குங்கள். கோயில் மண்டபம், தோட்டத்து வீடு, கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லவில்லை எனக்கு. லிங்காபுரத்துப் பக்கம், அணை நிரம்பிய ஆண்டுகளில் காந்தவயல் பாலம் மூழ்கி மக்கள் பரிசலில் போய்வந்த இடம் அது. தண்ணீரில் வந்தவனுக்கு அங்கே விளக்கம் சொல்லத் தேவையில்லை. "சாப்டீங்களா" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

படகைக் கவிழ்த்து வைத்துக் கட்டுங்கள். காலையில் உட்காரும் குழிக்குள் துடுப்பை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டே காலை வையுங்கள். எனக்கு ஒரு முறை தேள் வந்தது.

பார்த்தால் நின்று பார்க்க வேண்டியவை

நீர்நாய்க் கூட்டம். சீட்டியடிக்கிற மாதிரி ஒலி முதலில் வரும், பிறகு ஐந்தாறு தலைகள் தண்ணீருக்கு மேல் நீண்டு எட்டிப் பார்க்கும். பாறையில் மீன் செதில் கலந்த எச்சம் கிடந்தால் அது அவற்றின் இடம். அங்கே கரையேறாமல் போனால் மறுநாளும் பார்க்கலாம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் நீர்மருது மரத்தில் கூடு கட்டுபவை. அணைப் பக்கம் வானத்தில் வட்டமிட்டால் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று நாடு முழுக்க அழிந்து, 2006-இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்த பிறகு எஞ்சியவை இவை. செந்நாய் மானைத் தண்ணீருக்குள் துரத்தி மடக்குவதையும் பார்க்க நேரலாம். அவை மனிதரைச் சீண்டாது. ஆனால் ஓரத்தில் கிடக்கும் பாதி தின்ற மானுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். அது செந்நாயுடையதா புலியுடையதா என்று உங்களுக்குத் தெரியாது.

கடைசிப் படி: கரையேறியதைச் சொல்வது

படகையும் காலணியையும் வெயிலில் காயவையுங்கள். உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பில் தேடுங்கள். சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றிலும் புதரிலும் இருந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலும் நீங்கள் சொன்னால்தான் அவர் நினைவுக்கு வரும்.

முக்கியமானது, யார் யாரிடம் சொல்லிவிட்டு இறங்கினீர்களோ அத்தனை பேரையும் கூப்பிட்டு ஏறிவிட்டேன் என்று சொல்வது. நான் மூன்றாம் நாள் மாலை படகை வேனில் ஏற்றி, மேட்டுப்பாளையத்தில் பரோட்டா தின்று, மலையேறி வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். கைபேசி அணைந்து கிடந்தது. அங்கே அந்த வேட்டைத் தடுப்புக் காவலர் டார்ச்சோடு ராத்திரி பதினொன்று வரை கரையோரம் என்னைத் தேடியிருக்கிறார், யானை இறங்கும் அதே நாணல் திட்டுப் பக்கம். மறுநாள் காலை பேசியபோது அவர் திட்டவில்லை. "சரிங்க, வந்துட்டீங்கல்ல" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் கோத்தகிரித் தேயிலை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு இறங்கிப் போனேன்.